அழைப்பில்லாமல் கற்றவர்கள்: ஆப்பிரிக்கத் தொழிற்பயிற்சியில் வானொலி, செயற்கைக்கோள், காணொளி

மேற்கு ஆப்பிரிக்காவில் கைத்தொழில் கற்றவர்களில் பெரும்பாலோர் பயிற்சிக் கல்லூரியின் படியை மிதிக்காதவர்கள். கானாவின் குமாசி நகரில் சுவாமே மேகசின் என்ற பெரிய பட்டறைப் பகுதி இருக்கிறது. அங்கே எஞ்சின் பிரிக்கத் தெரிந்தவர்கள் ஒரு மேஸ்திரியிடம் சிறு வயதில் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். அரசும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் பயிற்சிகளில் இடம் எப்போதும் குறைவு. யார் போவது என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். தொழில்நுட்பம் தூரத்தைக் குறைத்ததா என்றே ஆய்வுகள் பலவும் கேட்கின்றன. ஆளைத் தேர்ந்தெடுப்பவரின் பிடியை அது தளர்த்தியதா என்ற கேள்வியை முன்வைத்து இந்த வரலாற்றைப் படிக்கலாம் என்பது என் கருத்து.

முதல் பெரிய சான்று தான்சானியா. 1967-இல் சோஷலிசப் பாதையை அறிவித்த அருஷா பிரகடனம் வெளியானபின், முதியோர் கல்வியை ஜூலியஸ் நைரேரேயின் அரசு முன்னுரிமைப் பணியாக எடுத்துக்கொண்டது. 1973-இல் ‘ம்டு நி ஆஃப்யா’ என்ற உடல்நல இயக்கம் 12 வாரம் நடந்தது. கிராமத்துக் குழு ஒன்றுகூடி ஸ்வாஹிலி மொழி வானொலிப் பாடத்தைக் கேட்கும். எழுத்தறிந்த ஒருவர் கையேட்டை உரக்கப் படிப்பார். பேசி முடித்ததும் கழிப்பறைக் குழி தோண்டவும், கொசு பெருகும் குட்டைகளை மூடவும் கிளம்புவார்கள். ஏறத்தாழ 20 லட்சம் பேர் இதில் பங்கேற்றனர். குழுவில் உட்கார எந்தத் தகுதியும் கேட்கப்படவில்லை. வானொலிப் பெட்டியைவிட அந்தத் திறந்த குழுவே இயக்கத்தின் பலம்.

இருபத்தைந்து ஆண்டுக்குள் நோக்கு மாறிவிட்டது. 1997-இல் உலக வங்கி தொடங்கிய ஆப்பிரிக்க மெய்நிகர்ப் பல்கலைக்கழகம் வாஷிங்டனிலிருந்து செயற்கைக்கோள் வழியே பாடங்களை அனுப்பியது. 2002-இல் அதன் தலைமையகம் நைரோபிக்கு வந்தது. அப்துல் கலாம் 2004-இல் முன்மொழிந்து, 2009-இல் தொடங்கப்பட்ட இந்தியாவின் அகில ஆப்பிரிக்க மின்வலையமும் பட்டப்படிப்பையும் தொலைமருத்துவத்தையும் சார்ந்திருந்தது. இவற்றால் பயன் இருந்தது. ஆனால் அந்த வகுப்பில் அமர, படித்திருக்க வேண்டியிருந்தது. நகரத்தில் இருக்க வேண்டியிருந்தது. பாடம் நடக்கும் மொழி தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அலை கண்டம் முழுவதையும் தொட்டது. வாசல் குறுகியதாகவே இருந்தது.

பெனின் நாட்டின் அனுபவம் இதற்கு நேரெதிர். அதன் நடுப்பகுதியில் நெல் அவிப்பது பெண்களின் தொழில். அண்டாவில் நெல்லையும் நீரையும் சேர்த்து வேகவைப்பது பழைய வழக்கம். அடியிலுள்ள நெல் குழைந்துவிடும். அரிசிக்கு விலை கிடைக்காது. திருத்திய முறையில் ஊறிய நெல்லைத் துளையிட்ட பாத்திரத்தில் இட்டு, கொதிநீருக்கு மேலே வைத்து ஆவியில் அவிப்பார்கள். நம் இட்லிக் கொப்பரையின் தத்துவம்தான். பிறகு தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் உலர்த்துவார்கள். உள்நாட்டுப் போரால் கோட் டிவாரை விட்டு 2005-இல் பெனினின் கோட்டோனூவுக்கு இடம்பெயர்ந்த ஆப்பிரிக்க நெல் மையம் இதைக் காணொளியாக்கியது. வங்கதேசக் கிராமப் பெண்களோடு விதைநெல் காணொளிகள் தயாரித்த பால் வான் மேலே அந்த அனுபவத்தை இங்கே கொண்டுவந்தார். செய்து காட்டியவர்கள் நெல் அவிக்கும் பெண்களே.

எஸ்பெரான்ஸ் ஸோசூவும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஒப்பீட்டை இத்துறையின் முக்கியமான ஆவணமாகக் கருதுகிறேன். வழக்கமான பயிற்சிப் பட்டறை 27 சதவீதப் பெண்களையே எட்டியது. காணொளி 74 சதவீதத்தினரை எட்டியது. காரணம் படத்தின் கவர்ச்சி மட்டுமல்ல. வகுப்புக்குப் போனால் படிக்காசு உண்டு. ஆகவே பெயர்ப்பட்டியலில் வேண்டியவர்கள் முந்திக்கொண்டார்கள். ஊர் நடுவே திரையிட்ட படத்துக்குப் பட்டியல் ஏது? கைக்குழந்தையோடு வந்தவளும் பார்த்தாள், குழுவில் சேராதவளும் பார்த்தாள். 2012-இல் உருவான அக்சஸ் அக்ரிகல்ச்சர் அமைப்பு இவ்வழியைப் பல ஆப்பிரிக்க மொழிகளுக்கு விரித்தது. சூரிய ஒளியில் இயங்கும் புரொஜெக்டர்களுடன் இளைஞர்கள் ஊர் ஊராகச் சென்று படம் காட்டுகிறார்கள்.

ஆனால் துளைப் பாத்திரத்துக்குக் காசு வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த உலோகத் தொழிலாளியும் பக்கத்தில் வேண்டும். குமாசியிலுள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இதை முன்பே கண்டுகொண்டது. 1972-இல் தொழில்நுட்ப ஆலோசனை மையத்தை நிறுவியது; 1980-இல் சுவாமே மேகசினுக்குள்ளேயே ஒரு பிரிவைத் திறந்து, கடைசல் இயந்திரம் போன்றவற்றைக் கைவினைஞர்கள் பழகிக்கொள்ள வழிசெய்தது. அறிவைப் பரப்புவது ஒரு திட்டமாகவும், கருவியைக் கொடுப்பது வேறொரு திட்டமாகவும் இன்று பிரிந்து கிடக்கின்றன. படம் பார்த்த பெண்ணுக்குப் பாத்திரக் கடன் கொடுக்கும்போதும் அதே பழைய பெயர்ப்பட்டியல்தான் மேசைமேல் வருமென்றால், திரையில் திறந்த வாசல் கடன் அலுவலகத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். அடுத்த ஒப்பீட்டு ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அந்த மேசை.