ஐம்பது சொற்களால் அடைத்த கதவு

திருப்பூர் இரயில் நிலையத்தின் வாயிலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். வடக்கேயிருந்து வரும் வண்டியிலிருந்து, தோளில் பையைச் சுமந்த இளைஞர் பலர் இறங்குவர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று பல மாநிலங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலையை நாடி வந்தவர்கள் அவர்கள். தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர்களும் அவர்களுள் உண்டு. ஆயினும், “தமிழ் எழுதத் தெரியுமா? தெரியாவிட்டால் திரும்பிப் போ” என்று தடுக்கும் அதிகாரி எவரும் அங்கு இல்லை. குடிமக்கள் நாட்டின் எப்பகுதியிலும் சென்று வாழலாம் என்பது நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு அளித்த உரிமை. சில மாதங்களில் அவர்கள் கூலிக்கணக்கையும் கடைச்சாமான்களின் பெயரையும் தமிழிலேயே சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள்.

மாணவ நண்பர்களே! நாடு விட்டு நாடு செல்வோர்க்கு இந்த எளிமை வாய்ப்பதில்லை. அங்கே வாயிலில் மொழித் தேர்வு ஒன்று நிற்கிறது. குடியுரிமை கேட்போர்க்கு ஆங்கிலத் தேர்வைக் கடினமாக்குவது பற்றிப் பல நாடுகள் இன்று பேசுகின்றன. அத்தேர்வின் பிறப்பிலே நம் நாட்டு மக்களுக்கும் தொடர்பு உண்டு. அக்கதையையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், ‘டிரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் 340க்கு மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் இருந்தனர். நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்காக அழைத்துச் செல்லப்பட்டவர்கள். அவர்களுக்கு எம்மொழி தெரியும் என்று எவரும் கேட்கவில்லை. கரும்பு வெட்டுவதற்கு மொழி எதற்கு? கைகள் போதும்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே தங்கிக் காய்கறி பயிரிட்டார்கள். சிறு கடைகள் வைத்தார்கள். தம் செலவிலேயே கப்பலேறி வந்த இந்திய வணிகர்களும் பெருகினார்கள். அப்போதுதான் வெள்ளையர்க்குக் கவலை பிறந்தது. 1897ஆம் ஆண்டு சனவரியில் காந்தியடிகள் டர்பனில் கரையிறங்கியபோது வெள்ளையர் கூட்டம் அவரைத் தெருவில் தாக்கியது. அதே ஆண்டில் நேட்டால் சட்டசபை, குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது.

அச்சட்டத்தை மேலோட்டமாகப் படிப்பவர்க்கு அதில் குற்றம் தெரியாது. ‘இந்தியன்’ என்ற சொல்லோ, நிறத்தைப் பற்றிய பேச்சோ அதில் இல்லை. உள்ளே வர விரும்புபவர் ஐரோப்பிய மொழி ஒன்றின் எழுத்துக்களில் தம் கைப்பட ஒரு விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட வேண்டும், அவ்வளவே. தமிழிலோ குசராத்தியிலோ பெரும்புலமை பெற்றவராயினும் இச்சட்டத்தின் முன் அவர் எழுத்தறியாதவரே. ஒப்பந்தக் கூலிகளுக்கோ இத்தேர்வு இல்லை! அடிமைபோல் வருபவனுக்குக் கதவு திறந்திருந்தது. சுதந்திர மனிதனாக வருபவனுக்கே தாழிடப்பட்டது.

இந்தியரும் பேரரசியின் குடிகளே என்பதால், நிறத்தைப் பெயர் சொல்லி விலக்குவதை இலண்டன் அரசாங்கம் விரும்பவில்லை. நேட்டாலின் உபாயம் அதற்கு மிகவும் பிடித்துவிட்டது. குடியேற்ற நாடுகளின் முதலமைச்சர்கள் 1897இல் இலண்டனில் கூடியபோது, குடியேற்ற அமைச்சர் சேம்பர்லேன் இந்த வழியையே அவர்களுக்கும் எடுத்துக்காட்டினார்.

அதனை ஆஸ்திரேலியா இறுகப் பற்றிக்கொண்டது. 1901ஆம் ஆண்டின் சட்டப்படி, அதிகாரி படிக்கும் ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பகுதியை வந்தவர் பிழையின்றி எழுத வேண்டும். எந்த மொழியில்? அதிகாரி விரும்பும் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில்! ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் வந்தால் வேறொரு மொழியைத் தேர்ந்து படிக்கலாம். பின்னர் 1905இல் ‘ஐரோப்பிய’ என்ற சொல்லும் நீக்கப்பட்டது. யப்பானியரின் மனக்குறையைத் தணிக்கவே அந்தச் சொல்லை மாற்றினார்கள், நடைமுறை மாறவில்லை. 1909க்குப் பிறகு இத்தேர்வில் தேறியவர் ஒருவரும் இல்லை.

நானும் பல்லாண்டுகள் வகுப்பில் ‘சொல்வதை எழுதுதல்’ நடத்தியவன். பாடத்தை முன்னரே சொல்லிவிடுவோம், மெதுவாகப் படிப்போம், தடுமாறும் பிள்ளைக்காக இன்னொரு முறை படிப்போம். எல்லாரும் தோற்கவேண்டும் என்று வைக்கப்படுவதைத் தேர்வு என்று அழைக்க ஆசிரியன் மனம் ஒப்பாது.

1934இல் இந்த நாடகம் நீதிமன்றம் ஏறியது. எகான் கிஷ் என்னும் எழுத்தாளர், பிராகு நகரத்தவர், பொதுவுடைமைக் கொள்கையினர், ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வல்லவர். அவரை விலக்க எண்ணிய அரசு, அவருக்கு ஸ்காத்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தது! அது சட்டம் கருதும் ஐரோப்பிய மொழி ஆகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடே நகைத்தது. ஆயினும் அத்தேர்வு ஒழிய 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே ஆஸ்திரேலியா 1948 முதல், குடியேறிய ஐரோப்பியர்க்கு அரசுச் செலவில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியிருந்தது. பிற்காலத்தில் எல்லா நாட்டவரும் அவ்வகுப்புகளில் அமர்ந்தனர். உள்நாட்டுப் போரினால் இலங்கையை விட்டுச் சென்ற தமிழரும் அங்கே குடியேறினர். ஒரே அரசாங்கம் ஒரு கையால் மொழியைச் சுவராக எழுப்பி, மறு கையால் அதையே படிக்கட்டாகவும் அமைத்திருந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

2017ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்நாட்டு அரசு குடியுரிமைக்கான ஆங்கிலத் தரத்தை உயர்த்த முனைந்தது. அடிப்படை ஆங்கிலம் போதும் என்ற நிலை மாறி, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கிலும் தனித்தேர்வு வேண்டும் என்றது. கேட்கப்பட்ட தரமோ பல்கலைக்கழகத்தில் சேர்வதற்குரிய தரத்தை ஒட்டியிருந்தது. எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அம்மசோதா செனட் சபையின் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டது. பிரிட்டனிலும் இப்பேச்சு ஓயவில்லை. நிரந்தரமாகத் தங்க விரும்புவோர்க்கு, ஆறு படிகளில் மூன்றாவதாக இருந்த ஆங்கிலத் தகுதியை நான்காம் படிக்கு உயர்த்தும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளையறிக்கை வெளியிட்டது.

இவற்றை 1901இன் சூழ்ச்சியோடு ஒன்றாக வைத்தல் நேர்மையன்று. இன்று பாடத்திட்டம் உண்டு, தேறுபவர்களும் பலர். வாழப்போகும் நாட்டின் மொழியை அறியாவிட்டால், மருத்துவரிடம் நோயைச் சொல்லவும் முதலாளியிடம் கூலியைக் கேட்கவும் பிறர் வாயை நம்பியே இருக்க வேண்டும். மொழி கற்கச் சொல்வது தவறன்று. ஆனால் பகலெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் ஒரு தாய், கட்டுரை எழுதும் தரத்தை எந்த நேரத்தில் எட்டுவாள்? அவளுக்குக் கற்பிப்பவர் யார்? இதைக் கேளாமல் தரத்தை மட்டும் உயர்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கலாம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இயல்புரிமை வழியில் இந்தியக் குடியுரிமை கோருபவர் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகளுள் ஒன்றைப் போதுமான அளவு அறிந்திருக்க வேண்டும். அவ்வட்டவணையில் இன்று 22 மொழிகள் உள்ளன. தமிழ் உண்டு. ஆங்கிலம் இல்லை!

திருப்பூருக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு மொழித் தேர்வு உண்டு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் நம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அதை நான் வரவேற்பவன். நான் ஓய்வு பெறும் ஆண்டில் ஒடியா பேசும் சிறுமி ஒருத்தி என் பள்ளியில் சேர்ந்தாள். முதல் ‘சொல்வதை எழுது’தலில் பத்துக்கு ஒன்று வாங்கினாள். ‘மழை’யை ‘மலை’ என்றே எழுதுவாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்த அவள் தாய்க்கு ஒரு சொல்லும் உதவத் தெரியாது. வகுப்பாசிரியை அவளைத் தினமும் மாலையில் அரைமணி நேரம் தம்மோடு இருத்திக்கொண்டார். பங்குனி மாதத்தில் அவள் வாங்கிய மதிப்பெண் ஏழு. ‘மழை’ அப்போதும் ‘மலை’யாகவே இருந்தது.