தேசத்தின் முஷ்டி: மேனி பாக்கியாவ் தேசிய நாயகனா?

தமிழில் பந்தடிப்பவரும் வீரர், ஓடுபவரும் வீரர், குத்துச்சண்டை போடுபவரும் வீரர். போர்க்களத்தில் உயிர் துறந்தவனுக்கு முன்னோர் வைத்திருந்த சொல்லை நம் நாளிதழ்கள் ஆட்டக்களத்தில் நிற்கும் அனைவருக்கும் பகிர்ந்தளித்துவிட்டன. ஆகவே 'குத்துச்சண்டை வீரர் ஒருவர் தேசிய வீரரா?' என்று கேட்டால் கேள்விக்குள்ளேயே பாதி விடை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே இக்கட்டுரை நெடுக 'நாயகன்' என்ற சொல்லைக் கையாள்கிறேன்.

இக்கேள்வி ரசிகர்களின் வாய்ச்சண்டையோடு நில்லாமல் ஒரு நாட்டின் வரலாற்றுக் கேள்வியாகவே எழுந்த இடம் பிலிப்பைன்ஸ். அங்கே நாயகனைக் குறிக்கும் சொல் 'பயானி'. மேனி பாக்கியாவுக்கு மக்கள் அளித்த பட்டம் 'பம்பன்சாங் கமாவ்'. தேசத்தின் முஷ்டி என்று பொருள். முஷ்டிக்கும் பயானிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதுதான் நம் விசாரணை.

1978இல் மிண்டனாவோ தீவில் பிறந்த பாக்கியாவ், வறுமையால் பதின்வயதிலேயே மணிலாவுக்கு வந்து சேர்ந்தவர். 1995 ஜனவரியில், 16 வயதில், தொழில்முறைப் போட்டியில் இறங்கினார். 1998 டிசம்பரில் தாய்லாந்து மண்ணில் சட்சாய் சசகுலை வீழ்த்தி முதல் உலகப் பட்டத்தை வென்றார். 2008இல் ஆஸ்கர் டி லா ஹோயாவை வீழ்த்தினார். 2010இல் மார்கரிட்டோவை வென்றபோது, எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற முதல் மனிதரானார். ஃப்ளைவெயிட்டில் தொடங்கிய உடல் அத்தனை படிகள் ஏறியதை வேறெங்கும் காண முடியாது. இதில் எவருக்கும் ஐயமில்லை.

இந்தப் பித்து அவரோடு தொடங்கியதுமன்று. அமெரிக்கர்கள் கொண்டுவந்த விளையாட்டுகளில் ஒன்று குத்துச்சண்டை. 1923 ஜூனில் நியூயார்க்கில் பாஞ்சோ வில்லா என்ற பிரான்சிஸ்கோ கியூலெடோ, பிரிட்டனின் ஜிம்மி வைல்டை ஏழாம் சுற்றில் சாய்த்து உலகப் பட்டம் வென்றார். 'நீங்கள் இன்னும் சுயாட்சிக்குத் தகுதி பெறவில்லை' என்று ஆள்வோர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்த அடி வேறொரு மொழியில் பதில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில், பல் பிடுங்கியதைத் தொடர்ந்த நோய்த்தொற்றால், 23 வயதில் அவர் இறந்துபோனார். 1960இல் பட்டம் வென்ற கேப்ரியல் எலோர்டே 1967 வரை அதைக் காத்தார். 1975 அக்டோபர் 1இல் அலியும் ஃபிரேசியரும் மணிலாவில் மோதினார்கள். அப்போது நாடு மார்கோஸின் ராணுவச் சட்டத்தின் கீழ் இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் நேரத்துக்கேற்பக் காலையிலேயே ஆட்டம் நடந்தது. குத்துச்சண்டை மேடையை ஆள்வோர் தமக்குரிய மேடையாக மாற்றிக்கொள்வதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி நாயகப் பட்டத்துக்கு வருவோம். சட்டம் இயற்றி 'இவர் தேசிய நாயகர்' என்று அந்நாடு எவரையும் அறிவிக்கவில்லை என்பதே வியப்பான செய்தி. 1896 டிசம்பர் 30இல் ஸ்பானியர் சுட்டுக்கொன்ற நாவலாசிரியர் ஹோசே ரிசாலுக்கும் அப்படியொரு சட்டம் இல்லை. 1993இல் அதிபர் ராமோஸ் ஒரு குழுவை அமைத்தார். தேசம் என்ற கருத்தை உடையவராய் அதன் விடுதலைக்காகப் போராடியவர், நாட்டின் வாழ்வையும் விதியையும் மேம்படுத்தியவர் என்றெல்லாம் அது அளவுகோல் வகுத்தது. 1995 நவம்பரில் ரிசால், பொனிஃபாசியோ, மபினி உள்ளிட்ட ஒன்பது பெயர்களைப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை அப்படியே கிடப்பில் போடப்பட்டது.

ரிசாலின் பீடமும் கேள்விக்குரியதாகவே இருந்துவருகிறது. ஆயுதம் ஏந்திய பொனிஃபாசியோவைவிடச் சீர்திருத்தம் பேசிய ரிசாலே அமெரிக்க ஆட்சிக்கு உகந்த நாயகராக இருந்தார் என்று வரலாற்றாசிரியர் ரெனாட்டோ கான்ஸ்டன்டினோ 1969இல் வாதிட்டார். ஆக, யார் நாயகன் என்று கேட்குமுன், இவரை நாயகனாக்குவதால் யாருக்கு ஆதாயம் என்றும் கேட்டாக வேண்டும்.

அதே 1995இல் இன்னொன்றும் நடந்தது. மார்ச் 17இல் ஃப்ளோர் கன்டெம்பிளாசியோன் என்ற பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். மற்றொரு பிலிப்பினோப் பணிப்பெண்ணையும் ஒரு சிறுவனையும் கொன்றதாக அவர் மீது குற்றம். அவர் நிரபராதி என்று நம்பிய மக்கள் வீதிக்கு வந்தார்கள். காரணம் எளிது. அந்நாட்டின் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவர் அயல்நாட்டில் பாத்திரம் தேய்க்கவோ கப்பலில் உழைக்கவோ போயிருந்தார். அத்தகையோரை 1988இலேயே அதிபர் கொரசோன் அக்கினோ 'பகோங் பயானி', அதாவது புதிய நாயகர்கள், என்று அழைத்திருந்தார்.

பாக்கியாவின் புகழுக்கான திறவுகோல் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அவரும் அயல்நாட்டில் உடலை விற்று டாலர் ஈட்டித் தாய்நாட்டுக்கு அனுப்பிய தொழிலாளிதான். மற்றவர்கள் அடி வாங்கியதோடு சரி. இவர் திருப்பி அடித்தார். லாஸ் வேகாஸில் அவர் கை உயர்ந்தபோது துபாயிலும் ஹாங்காங்கிலும் இருந்த பணிப்பெண்களின் முதுகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

ஆனால் 'புதிய நாயகர்' என்ற சொல்லில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. உள்ளூரில் வேலை தர இயலாத அரசு, பிழைக்கப் போனவரை நாயகர் என்கிறது. நாயகருக்கு மாலை போதும். ஊதியமும் பாதுகாப்பும் கேட்கும் உரிமை தொழிலாளிக்குத்தான் உண்டு. பட்டினி கிடந்த சிறுவன் உலகை வென்றான் என்ற கதையும் அப்படியே பயன்படுகிறது. வெல்லாத மற்றச் சிறுவர்களின் பட்டினி யாருடைய பொறுப்பு என்ற கேள்வி ஆரவாரத்தில் அமுங்கிப்போகிறது.

நாயகன் என்ற பெயர் அவரை அரசியலுக்கும் கொண்டுபோனது. 2010இல் சாரங்கானியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் 2014ஆம் ஆண்டு முழுவதும் அவைக்கு வந்தது நான்கே நாட்கள். 2016இல் தன்பாலீர்ப்பாளர்களை விலங்குகளுக்கும் கீழாகப் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செனட் உறுப்பினரானதும், போதைப்பொருள் ஒழிப்பின் பெயரால் நடந்த கொலைகளை விசாரித்துக்கொண்டிருந்த லெய்லா டி லிமாவைக் குழுத் தலைமையிலிருந்து நீக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. அடி வாங்குவோரின் பிரதிநிதியாகக் கொண்டாடப்பட்டவர், அன்று அடிப்போர் பக்கம் நின்றார். பின்னாளில் அதிபர் துதெர்தேயோடு முரண்பட்டார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்.

மக்கள் இவ்வேறுபாட்டை நம்மைவிட நன்றாகவே அறிந்திருந்தார்கள். 2022 அதிபர் தேர்தலில் அவரை மூன்றாமிடத்தில் வைத்தார்கள். 2025 மே மாதம் செனட் தேர்தலிலும் தோற்கடித்தார்கள். அதே ஜூலையில், 46 வயதில், மீண்டும் மேடையேறி மரியோ பாரியோஸுடன் சமன் செய்தபோது வியந்து கைதட்டினார்கள்.

என் விடை இதுதான். வெற்றியை மட்டும் வைத்து ஒருவரைத் தேசிய நாயகன் என்பது அவருக்கும் நியாயமன்று, தேசத்துக்கும் நியாயமன்று. தேசத்தின் முஷ்டி என்பதே சரியான பெயர். முஷ்டிக்கு ஒரு வேலை உண்டு, அதை அவர் குறைவின்றிச் செய்தார். மீதி வேலை, அதாவது இன்னொரு சிறுவன் பசிக்காக அடி வாங்கப் போகாமல் பார்த்துக்கொள்வது, அவருடையது மட்டுமன்று. பட்டம் கொடுத்து அந்தக் கடனைக் கழித்துக்கொள்ள எந்த அரசையும் நாம் அனுமதிக்கலாகாது.