வழிநூல் மரபும் நற்செய்தி நூல்களும்

வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துவர் தொல்காப்பியர். இவ்விலக்கணம் கிறித்துவ நற்செய்தி நூல்களுக்கும் அவற்றின் தமிழாக்கங்களுக்கும் எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நற்செய்தி நான்கனுள் மாற்குவே முந்தியது என்பது அறிஞர் பெரும்பாலோர் துணிபு. அதன் 661 வசனங்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கின் பொருள் மத்தேயுவிற் காணப்படுகின்றது. எனினும் மத்தேயு வெறும் படியெடுத்தாரல்லர். இயேசு தம் ஊரில் வல்ல செயல்கள் செய்ய இயலாதிருந்தார் என்பது மாற்குவின் கூற்று. மிகுதியாகச் செய்யவில்லை என்பது மத்தேயுவின் திருத்தம். லூக்காவோ, தமக்கு முன் பலர் எழுத முற்பட்டமையை முன்னுரையிலேயே உரைத்துத் தம் நூலைத் தொடங்குகின்றார். முதலிரண்டும் விரித்தலின்பாற்படும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் நான்கினையும் ஒரே நூலாகத் தொகுத்தார். சிரியத் திருச்சபையில் அது நெடுநாள் வழங்கியது. ஐந்தாம் நூற்றாண்டில் தெயோதரேத்து என்னும் ஆயர் அதன் 200க்கு மேற்பட்ட படிகளை அகற்றி, நான்கு நூல்களையும் தனித்தனியே வழங்கச் செய்தார். முதல்நூல்களின் இடத்தைக் கவர்ந்த தொகைநூல் நிலைபெறவில்லை.

தமிழிலும் இம்முறையே தொடர்ந்தது. சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714-15 இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பப்ரிசியசின் ஆக்கம் 1772 இல் வெளிவந்தது; பின்னர்ப் பாளையங்கோட்டை இரேனியசு புதியதோர் ஆக்கம் செய்தார். பவர் தலைமையிலான குழுவின் முழுத் திருமறை 1871 இல் முற்றுப்பெற்றது. சருவேசுரன், பராபரன், தேவன் என இறைவன் பெயரே மாறிவந்ததைக் காண்கின்றோம்.

இம்மாற்றம் ஏட்டளவில் நின்றதன்று. எம். புதுப்பட்டி முதலிய ஊர்களைக் கொண்ட சிவகாசி வட்டாரம் அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1854 இல் வடதிருநெல்வேலிச் சுற்றுப்பணியைத் தொடங்கிய இராக்லாந்து 1858 இல் சிவகாசியிலேயே மறைந்தார். பவர் பதிப்பு முற்றுப்பெற்றது அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளின் பின்னரே. ஆதலின், அவர் காலத்தார் செவியுற்ற திருமறைத் தமிழும் அவர்தம் மக்கள் ஓதிய திருமறைத் தமிழும் வேறாம். இவ்வேறுபாட்டை நோக்காது கிறித்துவத் தமிழ்ச் சொற்களுக்குக் காலம் வரையறுத்தல் பிழைபடும்.

ஆகவே, புதிய பதிப்பு வந்ததும் பழையதைப் பயனற்றதெனக் கழித்தல் தகாது. மாற்கு அழிந்திருப்பின் மத்தேயு திருத்திய இடங்களை நாம் அறியவியலாது. பப்ரிசியசு மறையின் பவர் திருத்திய இடங்களும் மறையும்.