ஷாட்கன் தோட்டா மறுநிரப்பலில் மருந்துத் தேர்வு

ஒருமுறை சுட்ட ஷாட்கன் தோட்டாவின் கூட்டில் புதிய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, தக்கை, ஈய ரவை ஆகியவற்றை இட்டு, வாயை மடித்து மூடி, மறுபடி சுடத்தக்கதாக்கும் வேலை மறுநிரப்பல் எனப்படும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டிராப், ஸ்கீட் ஆகிய களிமண் தட்டுச் சுடுதல் பழகுவோர் பலர் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். ஒரு சுற்றுக்கு 25 தோட்டா செலவாகும். வாரந்தோறும் சில சுற்று சுடுபவருக்குச் செலவு கட்டுப்படியாக வேண்டும், தோளில் விழும் உதையும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். மறுநிரப்பலில் இறங்குபவர் முதலில் கேட்பது எந்த மருந்தை வாங்குவது என்றுதான். ஆனால் மருந்தை மட்டும் தனியே தேர்ந்தெடுக்க முடியாது. குறிப்பிட்ட ஒரு கூடு, ஒரு பிரைமர், ஒரு தக்கை, இத்தனை எடை ரவை ஆகியவற்றோடு ஆய்வகத்தில் அழுத்தம் அளந்து சோதித்த ஒரு முழுச் சேர்க்கையில் மருந்தும் ஓர் உறுப்பு. தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தச் சேர்க்கையை.

கருமருந்திலிருந்து புகையிலா மருந்துக்கு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஷாட்கன்னில் இடப்பட்டது கருமருந்து: வெடியுப்பு, கரி, கந்தகக் கலவை. அதைக் கொள்ளளவால் அளந்தார்கள். 1860களில் பிரஷ்யப் படை அதிகாரி ஷூல்ட்ஸே மரத்தூளை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி ஒரு மருந்து செய்தார். அது ரைஃபிளுக்கு ஒத்துவரவில்லை, வேட்டைத் துப்பாக்கிக்குப் பொருந்தியது. 1884இல் பிரான்சின் பால் வியேய் நைட்ரோசெல்லுலோஸைக் கூழாக்கி, தகடாக்கி வெட்டி, சீராக எரியும் புகையிலா மருந்தைத் தந்தார். 1887இல் ஆல்ஃபிரட் நோபெல் அதனுடன் நைட்ரோகிளிசரினைக் கலந்து பாலிஸ்டைட் செய்தார். 1889இல் பிரிட்டன் கார்டைட்டை உருவாக்கியது. நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இந்தக் குடும்பத்து மருந்துக்காகவே எழுந்தது.

நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் கொண்டது ஒற்றை அடிப்படை மருந்து. நைட்ரோகிளிசரினும் சேர்ந்தது இரட்டை அடிப்படை மருந்து. ஷாட்கன் மருந்துகளில் பல இரண்டாம் வகை. கண்ணுக்கு அவை பெரும்பாலும் மெல்லிய வட்டச் செதில்களாகத் தெரியும். சில, 1930களில் அமெரிக்காவில் ஃப்ரெட் ஓல்சன் கண்ட முறையில் செய்த நுண்ணிய உருண்டைகள், அல்லது அந்த உருண்டைகளைத் தட்டையாக நசுக்கியவை. 1932இல் வந்த ரெட் டாட் மருந்தின் சாம்பல் நிறச் செதில்களுக்கு நடுவே சிவப்புச் சாயமேற்றிய செதில்கள் சிதறிக் கிடக்கும். பின்னால் வந்த கிரீன் டாட்டில் பச்சை, புளூ டாட்டில் நீலம். அந்தச் சாயம் அடையாளத்துக்கு மட்டுமே.

எரியும் வேகம்

மருந்துகளை முதலில் பிரித்தறிவது எரியும் வேகத்தால். துப்பாக்கி மருந்து முறையாக எரியும்போது வெடிப்பதில்லை, மிக விரைவாக எரிந்து வாயுவாகிறது. செதிலின் தடிமன், பரப்பு, மேற்பூச்சு ஆகியவை அந்த விரைவை முடிவு செய்கின்றன. ரெட் டாட், கிளேஸ், 700-எக்ஸ் ஆகியவை விரைவாக எரிபவை. கிரீன் டாட், யுனிவர்சல், யுனீக் நடுத்தரம். லாங்ஷாட், எச்எஸ்-6, புளூ டாட் மெதுவானவை.

இவற்றைப் பொருத்தும் விதி எளிது. முன்னால் தள்ள வேண்டிய ரவை கனமாக ஆக, மருந்து மெதுவாக எரிய வேண்டும். 12 போர் (போர் என்பது குழல் அகலத்தைக் குறிக்கும் அளவு) துப்பாக்கியில் 7/8 அவுன்ஸ் முதல் 1 1/8 அவுன்ஸ் வரை (சுமார் 25 முதல் 32 கிராம்) ரவை இடும் தட்டுச் சுடுதல் தோட்டாவுக்கு விரைவு மருந்து போதும், கொஞ்சமே செலவாகும். வாத்து வேட்டைக்கான கனத்த தோட்டாவில் அதே மருந்தை இட்டால், ரவை நகரத் தொடங்குமுன் வாயு பெருகி அழுத்தம் எல்லை மீறும். மெதுவான மருந்து ரவையோடு கூடவே குழலில் நகர்ந்தபடி எரிந்து, உச்ச அழுத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டே வேகத்தைக் கூட்டும். தலைகீழாக, மெதுவான மருந்தை இலகுவான ரவைக்கு இட்டால் போதிய அழுத்தம் எழாது. மருந்து அரைகுறையாக எரிந்து, எரியாத செதில்கள் குழலில் தங்கும்.

புதியவர் தடுமாறும் ஓர் இடம் சிறிய போர். .410 துப்பாக்கியில் இடுவது அரை அவுன்ஸ் ரவைதான், ஆகவே விரைவு மருந்து போதுமென்று தோன்றும். ஆனால் குழல் மிகக் குறுகியது என்பதால் அந்த ரவை உயர்ந்த தூணாக நின்று, கனத்த ரவைபோல் வாயுவைத் தடுக்கும். ஆகவே .410க்கு எச்110 போன்ற, மேக்னம் கைத்துப்பாக்கிகளுக்கும் பயன்படும் மெதுவான மருந்தே இடப்படுகிறது. வின்செஸ்டர் 296 என்ற பெயரில் விற்பதும் இதே மருந்து.

அழுத்த எல்லை

ஷாட்கன் குழலின் சுவர் ரைஃபிள் குழலைவிட மிக மெல்லியது. அமெரிக்காவின் தோட்டா, துப்பாக்கி உற்பத்தியாளர் அமைப்பான சாமி, 2 3/4 அங்குல 12 போர் தோட்டாவுக்கு வகுத்த உச்ச சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. 20 போருக்கு 12,000. ரைஃபிள் தோட்டாக்கள் பலவற்றில் இது 60,000ஐத் தொடும். ஷாட்கன்னில் தவறுக்கான இடைவெளி சிறியது.

ரைஃபிள் தோட்டா நிரப்புபவர் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக மருந்தைக் கூட்டுவார். வெற்றுக் கூட்டிலும் பிரைமரிலும் தெரியும் அழுத்தக் குறிகளை அவர் கவனிப்பார். ஷாட்கன்னில் அந்த வழி கிடையாது. பிளாஸ்டிக் கூடு அபாய அழுத்தத்தை நம்பத்தக்க விதத்தில் காட்டாது. ஆகவே மருந்து உற்பத்தியாளரின் அட்டவணையிலோ லைமன் போன்ற கையேட்டிலோ அச்சிட்டுள்ள சேர்க்கையை அச்சிட்டபடியே செய்ய வேண்டும். மருந்தின் எடை மாறாமல் பிரைமரை மட்டும் மாற்றினாலும் அழுத்தம் ஆயிரக்கணக்கான பவுண்டு கூடலாம். தக்கை மாறினால் வாயுவை அடைக்கும் இறுக்கம் மாறும். கூடு மாறினால் உள்ளிருக்கும் இடம் மாறும்: ஒரே வார்ப்பாக அமைந்த கூடு உள்ளே சரிந்து குறுகும், நேர்ச்சுவர்க் கூட்டில் இடம் அதிகம். தோற்றத்தில் ஒத்திருக்கும் இரண்டு கூடுகளுக்கு அட்டவணை வெவ்வேறு எடையைத் தரும் காரணம் இதுவே. என் பார்வையில், கடையில் இருக்கும் மருந்தை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ப மற்றதைத் தேடுவது பின்னோக்கிய வழி. கையில் சேர்ந்திருக்கும் கூடு எதுவோ அதிலிருந்து தொடங்கி, அதற்கு அட்டவணையில் அதிகச் சேர்க்கைகள் உள்ள மருந்தைத் தேர்வதே நல்லது.

டிராம் ஈக்விவலன்ட்

அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளில் காணும் டிராம் ஈக்விவலன்ட் என்ற குறி கருமருந்துக் காலத்தின் மிச்சம். 1 1/8 அவுன்ஸ் ரவையுடன் 3 டிராம் என்றிருந்தால், அத்தனை டிராம் கருமருந்து தந்திருக்கக்கூடிய வேகத்தை, அதாவது விநாடிக்குச் சுமார் 1,200 அடியை, இந்தத் தோட்டா தரும் என்று பொருள். உள்ளே இருக்கும் மருந்தின் எடையை அது சொல்வதில்லை. 3 டிராம் என்பது சுமார் 82 கிரெயின். புகையிலா மருந்தை அந்த எடையில் இட்டால் துப்பாக்கி சிதறும், சுடுபவர் உயிருக்கும் ஆபத்து. அதே வேகத்துக்கு விரைவு மருந்தில் தேவைப்படுவது இதில் ஒரு சிறு பங்குதான். கருமருந்துக்கென்று செய்த பழைய டமாஸ்கஸ் குழல்களில் இன்றைய புகையிலா மருந்துத் தோட்டாக்களைச் சுடக் கூடாது.

இடமும் மடிப்பும்

மருந்தின் அடர்த்தியும் தேர்வில் சேரும். பருத்த செதில் மருந்து கூட்டில் அதிக இடம் பிடிக்கும், அடர்ந்த உருண்டை மருந்து கொஞ்சமே பிடிக்கும். மருந்து, தக்கை, ரவை மூன்றும் அடுக்கிய பின் வாய்க்கு அருகே மிஞ்சும் விளிம்பில்தான் ஆறு அல்லது எட்டு இதழ் மடிப்பு விழுகிறது. அடுக்கு உயர்ந்துவிட்டால் மடிப்பின் நடு புடைத்துத் திறந்து ரவை உதிரும். தாழ்ந்தால் நடு குழிந்து உள்ளே இறங்கும். இரண்டும் தோற்றக் குறையோடு நிற்பதில்லை, மடிப்பின் ஆழத்தோடு அழுத்தமும் மாறுகிறது. நன்றாக அமைந்த மடிப்பு தட்டையாக, விரலால் தடவினால் ஒரே மட்டமாக இருக்கும்.

தளர்ந்த மடிப்பும் குளிர்ந்த நாளும் மெதுவான மருந்தும் ஒன்றுசேர்ந்தால் தோட்டா முழுதாகப் பற்றாது. வழக்கமான அதிர்வுக்குப் பதில் மொக்கையான ஓர் ஒலி கேட்கும், குழல்வாயில் சில ரவைகள் விழும். தக்கை குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கக்கூடும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். அப்படி ஓர் ஒலி கேட்டதும் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை அகற்றி, குழலினூடே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மேலே தொடர வேண்டும்.

உதை குறைய மெதுவான மருந்தை நாடுவோர் உண்டு. ரவையின் எடையும் வேகமும் மாறாதபோது மருந்து மாற்றத்தால் கிடைக்கும் வித்தியாசம் சிறியது. தோள் வலிப்பவர் 1 1/8 அவுன்ஸிலிருந்து 7/8 அவுன்ஸ் சேர்க்கைக்கு இறங்கினால் உடனே உணர்வார்.

அளத்தல்

மேசை நிரப்பு இயந்திரங்களில் மருந்தைக் கொள்ளளவால் அளக்கும், மாற்றிப் பொருத்தக்கூடிய புஷிங் இருக்கும். எந்த புஷிங் எத்தனை கிரெயின் விடும் என்று அட்டவணை சொன்னாலும், விழும் எடை மருந்தின் தொகுப்பு, காற்றின் ஈரம், இயந்திரத்தின் அதிர்வு ஆகியவற்றால் மாறும். ஆகவே தராசில் இட்டுச் சரிபார்ப்பது கட்டாயம். உருண்டை மருந்து தண்ணீர்போல் ஒழுகிச் சீராக விழும். பெரிய செதில் சற்று முரண்டு பிடிக்கும். ஒரு பவுண்டு மருந்து 7,000 கிரெயின். தோட்டாவுக்கு 20 கிரெயின் எனில் 350 தோட்டா வரும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாவே திறந்திருக்க வேண்டும்.

எஃகு ரவை

அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. குளத்தடியிலும் சேற்றிலும் தங்கிய ஈயத்தைப் பறவைகள் விழுங்கி நஞ்சேறி இறந்ததே காரணம். எஃகு ஈயத்தைவிட இலகுவானது, கடினமானது. அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும், நசுங்கி இடம் கொடுக்காது. அதற்குத் தடித்த தனித் தக்கையும் மெதுவான மருந்தும் தனி அட்டவணையும் வேண்டும். ஈய அட்டவணையில் ஈயத்துக்குப் பதில் எஃகை இடுவது ஆபத்து.

சேமிப்பும் சட்டமும்

மருந்தை உற்பத்தியாளரின் டப்பாவிலேயே, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். புகையிலா மருந்தில் சேர்க்கும் நிலைப்படுத்தி காலப்போக்கில் தீரும். டப்பாவைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் அமில நெடி அடித்தாலோ செம்பழுப்புத் தூள் தெரிந்தாலோ அந்த மருந்து கெட்டுப்போனது. பெயர்ச்சீட்டு இல்லாத மருந்தை, நிறத்தைப் பார்த்து இன்னதென்று ஊகித்துப் பயன்படுத்தவே கூடாது. அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதிமுறை 495, வீட்டில் 20 பவுண்டு வரை மூலக் கொள்கலத்தில் வைக்க இடமளிக்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை குறைந்தது ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டி தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.