பள்ளிக்கூடப் பேய்க்கதைகள்: ஜப்பானிய மாணவர் மரபு

எடோ காலத்து (1603–1868) ஜப்பானியர், இரவில் பலர் கூடி ஒருவர்பின் ஒருவராக அச்சமூட்டும் கதைகளைச் சொல்லி, ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு விளக்கை அணைத்துவரும் ‘ஹியாகுமொனொகதாரி’, அதாவது ‘நூறு கதைகள்’ என்னும் கூட்டங்களை நடத்தினர். கூடியிருந்து அச்சத்தைப் பகிரும் இவ்வழக்கத்திற்கு, நவீன காலத்தில் பள்ளிக்கூடமே புதிய களமாயிற்று. மூன்றாம் மாடிக் கழிப்பறையின் மூன்றாவது கதவைத் தட்டி அழைத்தால் மறுமொழி தரும் ஹனாகோ என்ற சிறுமியின் கதையும், நள்ளிரவில் தானே ஒலிக்கும் இசையறைப் பியானோவின் கதையும் ஊருக்கு ஊர் சிறு மாற்றங்களுடன் வழங்கின.

1979இல், ‘குச்சிசாகே ஒன்னா’ எனப்படும் வாய் கிழிந்த பெண்ணைப் பற்றிய வதந்தி சிறுவரிடையே நாடெங்கும் பரவியபோது, வெவ்வேறு பள்ளி மாணவர் ஒன்றாகப் பயிலும் ‘ஜுக்கு’ என்னும் தனிப்பயிற்சி நிலையங்கள் அதற்கு வழியமைத்தன என்று ஆய்வாளர் கருதினர்.

நடுநிலைப்பள்ளி ஆசிரியரும் நாட்டார் வழக்காற்றியலாளருமான ட்சுனெமிட்சு டோரு, தம் மாணவர் வாய்மொழியாகக் கூறியவற்றைத் தொகுத்து ஆராய்ந்து, 1990இல் கோடான்ஷா பதிப்பகத்தின் வழியே ‘பள்ளிக்கூடப் பேய்க்கதைகள்’ என்ற சிறுவர் நூலாக வெளியிட்டார். 1995இல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது. கிராமத்து முதியோரிடம் மட்டுமன்றி நகரத்து வகுப்பறையிலும் வாய்மொழி மரபு உயிர்ப்புடன் வளர்கிறது என்பதையும், மாணவர் கதைகளைக் கேட்போர் மட்டுமல்லர், அவற்றைப் படைத்துப் பரப்புவோரும் ஆவர் என்பதையும் நிறுவியதே ட்சுனெமிட்சுவின் தொகுப்பு முயற்சியின் நிலைத்த பயனாகும்.