கொழுந்தும் எண்ணெயும்: ஊவா கண்ட கொடுக்கல் வாங்கல்

அயலவரோடு கொடுக்கல் வாங்கல் இன்றி எந்தக் குடும்பமும் வாழ்ந்ததில்லை. நாடுகளும் அவ்வாறே. நமது ஊவா மலைநாட்டின் சரித்திரமே இதற்குச் சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் இம்மலைகளில் தோன்றியபோது, தமிழகத்திலிருந்து உழைப்பாளர் வந்தனர். அவர்கள் உண்ட அரிசியும் இந்தியாவிலிருந்தே வந்தது. தோட்டத்தில் வழங்கப்பட்ட அவ்வரிசியின் விலை அவர்களது கூலியிலிருந்து கழிக்கப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. அவ்வழியே மலைத் தேயிலை கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கி உலகச் சந்தைக்குச் சென்றது.

1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் 9,75,000 மக்களின் எதிர்காலத்தை வகுத்தது. அம்மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியையும் அழித்தது.

பண்டத்துக்குப் பண்டம் கொடுப்பதும் நமக்குப் புதிதன்று. 1952இல் இலங்கை சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி பெற ஒப்பந்தம் செய்தது. கடல்வழி வர்த்தகத்தில் சற்றுத் தொலைவிலுள்ள நாடும் அயலாகிவிடும். அவ்வாறு ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குக் கொடுக்க வேண்டியிருந்த சுமார் 25 கோடி டொலர் கடனைத் தேயிலையால் தீர்ப்பதென 2021 டிசம்பரில் உடன்பாடாயிற்று. நாட்டின் எண்ணெய்க் கடனைத் தோட்டப் பெண்கள் பறிக்கும் கொழுந்து அடைக்கலாயிற்று என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியது. எண்ணெய் நிலையங்களின் முன் மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். டீசல் இன்றேல் லொறி ஓடாது. மின்சாரம் இன்றேல் தொழிற்சாலை இயந்திரம் சுழலாது. பறித்த கொழுந்தோ காத்திராது. உரிய வேளையில் பதப்படுத்தாவிடின் பழுதாகிவிடும். அவ்வேளையில் எண்ணெய் வாங்க இந்தியா 50 கோடி டொலர் கடன் வழங்கிற்று. தமிழக அரசு 40,000 தொன் அரிசி வழங்குவதாக அறிவித்து, மே மாதம் முதல் கப்பலை அனுப்பியது. ஆபத்தில் உதவுபவன் அயலான் என்பது மெய்யாயிற்று.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் காண வேண்டும். ஈரானிய நிறுவனம் கட்டிய உமா ஓயா நீர்மின் திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. அதன் ஆற்றல் 120 மெகாவாட். நமது மலையின் நீர் சுமார் 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே சென்று மின்சாரம் தந்தபின், தென்கிழக்கின் வறண்ட நிலங்களை நோக்கிப் பாய்கிறது. இது பெரும் பயன் என்பதில் ஐயமில்லை. ஆனால் சுரங்கம் அகழப்பட்ட காலத்தில், 2014 முதல், பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்களில் வெடிப்புகள் தோன்றின. 2017இல் மக்கள் வீதியில் இறங்கிக் கிளர்ச்சி செய்தனர்.

இப்பொழுது புதியதோர் அத்தியாயம் தொடங்குகிறது. இந்தியாவையும் இலங்கையையும் மின்கம்பியால் இணைக்கவும், திருகோணமலையை எரிசக்தி மையமாக்கவும் 2025 ஏப்ரலில் உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. இவற்றை வரவேற்போம். தனித்து நிற்கும் தீவு ஒரு நெருக்கடியில் எவ்வாறு இருளில் மூழ்கும் என்பதை 2022 நமக்குக் கற்பித்துவிட்டது.

ஆனால் இளைஞர்களே, நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் எழுதப்படும்போது உழைப்பும் நீரும் நிலமும் எவருடையவை என்று கேட்பது உங்கள் கடமை. நம் பாட்டனார் உண்ட அரிசியின் விலை அவர்கள் கூலியிலேயே கழிக்கப்பட்டது. அதன் கணக்கைக் கேட்க அவர்களுக்கு எழுத்தறிவு கிட்டவில்லை. உங்களுக்கோ கல்வி உண்டு. உடன்படிக்கைகளைப் படியுங்கள், கொழுந்து பறிப்பவளின் கூலியும் வற்றிய கிணற்றுக்கு ஈடும் அவற்றில் இடம்பெற்றுள்ளனவா என்று பாருங்கள். இடம்பெறாவிடின் துணிந்து கேளுங்கள். பெரியோர்களும் தாம் கண்டவற்றைச் சொல்லி அவர்களுக்குத் துணை நிற்பார்களாக.