கல் முதல் காணொலி வரை: காஞ்சியில் காட்சியின் வரலாறு

காஞ்சிபுரத்துப் பரமேச்சுர விண்ணகரமாகிய வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மண்டபத்தில் நின்று நோக்குவார்க்குச் சுவர் நெடுகிலும் ஒரு கதை விரியும். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் எடுப்பித்த கோயில் அது. பல்லவர் குலத்தின் தோற்றம் தொடங்கி, பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அவன் அரசுரிமை ஏற்றது ஈறாக அடுத்தடுத்த சிற்பங்கள் அங்கு வரிசையாக அமைந்துள்ளன. சில காட்சிகளின் கீழே, நிகழ்ச்சி இன்னதென்று விளக்கும் எழுத்துப் பொறிப்பும் உண்டு. படமும் அதன் கீழ் எழுத்துமாகக் கதை சொல்லும் முறை இந்நகருக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையுடையது.

அக்காட்சித் தொடரைக் காட்டும் ஆற்றல் அரசனிடம் இருந்தது. அதில் எது இடம்பெற வேண்டும், எது விடுபட வேண்டும் என்பதும் அவன் முடிவே. அரசன் பெயரை நாம் அறிவோம். உளி பிடித்த கைகளின் பெயரை அறியோம். காட்சியைப் படைத்துப் பலர்க்கும் காட்டும் வாய்ப்பு அன்று முதல் இன்று வரை யார் யார் கையில் இருந்து வந்துள்ளது? இணையவழிக் காணொலிப் பகிர்வு வந்த பின் வாணிகமும் செய்தியும் பொழுதுபோக்கும் நம் ஊரில் எவ்வாறு மாறியுள்ளன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாயில்களும் காவலரும்

ஒவ்வொரு காலத்துச் செய்தி ஊடகத்திற்கும் ஒரு வாயில் இருந்தது. வாயிலில் ஒரு காவலரும் இருந்தார். அறிஞர் அண்ணா 1942இல் ‘திராவிட நாடு’ வார இதழைக் காஞ்சியிலிருந்து தொடங்கினார். எழுத்தாற்றல் மட்டும் இருந்தால் இதழ் நடவாது. அச்சகமும் காகிதமும் முகவர்களும் வேண்டும். சென்னையில் அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16இலும், தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இலும் தொடங்கின. அவற்றின் நிலையத்துள் நுழைந்தவர் மிகச் சிலரே. ஏனையோர் கேட்போராகவும் காண்போராகவும் இருந்தனர்.

எண்பதுகளில் ஒளிப்பேழை வந்தது. என் சிறுவயதில் எங்கள் தெருவில் திருமணமோ காதணி விழாவோ நிகழ்ந்தால், தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் ஓரிரவுக்கு வாடகைக்கு வரும். தறி நிறுத்திய நெசவாளரும் அண்டை வீட்டாரும் பாய் விரித்து அமர்ந்து, விடியும் வரை மூன்று படங்கள் பார்ப்பர். எந்தப் படம் என்பதை ஒளிப்பேழைக் கடைக்காரரே பெரும்பாலும் முடிவு செய்தார். 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் அக்கூட்டம் கலைந்து வீட்டுக்குள் ஒடுங்கிற்று. பார்க்கும் வாய்ப்புப் பெருகியது. காட்டும் வாய்ப்பு மட்டும் முன்போலவே சிலரிடம் இருந்தது.

அந்நிலையை மாற்றியது 2005ஆம் ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் மூன்று இளைஞர் தொடங்கிய யூடியூப் தளத்தில் ஏப்ரல் 23 அன்று முதற்காணொலி ஏறியது. அம்மூவருள் ஒருவரான ஜாவேத் கரீம் விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் முன் நின்று ஏதோ பேசுகிறார், அவ்வளவே. இருபது விநாடிகூட நீளாத அக்காட்சியில் கலையும் இல்லை, செய்தியும் இல்லை. ஆயினும் எவர் இசைவையும் பெறாமல் ஒருவர் தம்மை உலகிற்குக் காட்டிக்கொள்ளலாம் என்பதை அது மெய்ப்பித்தது. அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் 165 கோடி டாலருக்கு அத்தளத்தை வாங்கியது. 2008இல் அதன் இந்தியப் பதிப்பு வந்தது. 2011 நவம்பரில் ‘கொலவெறி’ப் பாடல் இணையத்தின் வழியே உலகெங்கும் பரவியபோது, வெளிவராத படமொன்றின் பாட்டு வானொலிக்கும் திரையரங்குக்கும் முன்பே மக்களை அடையலாம் என்பதைத் திரையுலகம் உணர்ந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி இணையத் தரவின் விலை வீழ்ந்தபின், காணொலி எளியோர் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. நம் இலக்கிய வட்டம் வளர்ந்த பத்தாண்டுகளும் பெரும்பாலும் இவ்வாண்டுகளே என்பது நினையத்தக்கது.

அத்திவரதரும் கைப்பேசியும்

இம்மாற்றத்தைக் காஞ்சி கண்கூடாகக் கண்டது 2019இல்தான். வரதராசப் பெருமாள் கோயில் அனந்தசரசுத் திருக்குளத்தினுள் உறையும் அத்திமரத் திருமேனி நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருவது. 1979இல் எழுந்தருளியபோது சென்னைத் தொலைக்காட்சிக்கு வயது நான்கு. அதைக் கண்டவர் தம் காலால் நடந்து வந்து கண்டவர். அவ்வாண்டுக்குப் பின் பிறந்த எனக்கு அத்திவரதர் என்பவர் பாட்டியின் சொல்லில் மட்டுமே வாழ்ந்தவர். “படுத்திருந்தார்டீ, அப்புறம் எழுந்து நின்னார்” என்று பாட்டி கையை நீட்டிக் காட்டுவதே எனக்குக் கிடைத்த காட்சி.

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள்கள் நடைபெற்ற விழாவுக்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தனர் என்பது கணக்கு. முதல் நாளிலேயே கிடந்த திருக்கோலம் கைப்பேசிகளில் ஏறி ஊர்களைக் கடந்தது. காணொலியில் கண்டபின் மக்கள் வீட்டிலேயே நிறைவடைந்துவிடுவர் என்று நான் எண்ணினேன். நடந்ததோ வேறு. கண்டவர் ‘நேரில் காண வேண்டும்’ என்று புறப்பட்டனர். பல மணி நேரம் வரிசையில் நின்றனர். நெரிசலில் உயிரிழந்தாரும் உண்டு. பாட்டியின் சொல் எனக்கு வேட்கையை ஊட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் செய்தது. காணொலியோ ஒரே வாரத்தில் ஊரையே நிரப்பியது. அடுத்த எழுந்தருளல் 2059இல். அன்று பிறந்திருக்கும் குழந்தைகள் பாட்டியிடம் கேட்க வேண்டியதில்லை. 2019ஐக் கண்ணாலேயே காண்பர். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் என்ன மிஞ்சும் என்பது எழுதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

பட்டும் திரையும்

நம் ஊர்ப் பட்டின் சிறப்பு கோர்வையில் உள்ளது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட, இருவர் அமர்ந்து, இழைக்கு இழை பூட்டி நெய்வர். முந்தானையின் பாவை வேறு நிறத்தில் இணைப்பது பெட்னி. வேலைப்பாட்டுக்கேற்ப ஒரு சேலை அறுக்கப் பத்து நாளும் ஆகும். ஒரு திங்களும் ஆகும். 2005–06இல் காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. யூடியூப் பிறந்ததும் அதே காலம் என்பது தற்செயலான பொருத்தம்.

முன்னர்த் திருமணத்திற்குச் சேலை எடுக்கக் குடும்பமே காந்தி சாலைக்கு வரும். வண்டி நிற்குமுன் தரகர் சூழ்வர். பாயில் அமர்ந்து விரித்துப் பார்த்து, ஓர் இழையை உருவிக் கொளுத்தி, மயிர் கருகும் மணம் வருகிறதா என்று முகர்ந்து பார்க்கும் பெரியவர்கள் உண்டு. இன்று கடைக்காரர் கைப்பேசியின் முன் சேலையை விரிக்கிறார். சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருக்கும் பெண் அதன் எண்ணைக் குறித்து அனுப்புகிறார். பணம் கைப்பேசி வழியே வருகிறது. சேலை அஞ்சலில் போகிறது. தெருத்தரகர் மறைந்தார். பெருங்கடை வைக்க இயலாத சிறு வணிகரும், நெசவாளர் குடும்பத்து இளைஞர் சிலரும் நேரே விற்கத் தலைப்பட்டனர். கோர்வை என்ற சொல்லை அறியாதிருந்தவரும் இன்று ‘இது கோர்வையா?’ என்று கேட்டு வாங்குகின்றனர். இவை உண்மையான ஆதாயங்கள்.

இழப்பும் உண்டு. திரையில் நிறம் தெரியும், பளபளப்புத் தெரியும். இழையைக் கொளுத்தி முகர முடியாது. விசைத்தறித் துணியும் போலிச் சரிகையும் காஞ்சிப் பட்டு என்னும் பெயரில் மலிவு விலையில் திரையில் ஏறும்போது, கைத்தறிச் சேலையின் விலை மிகையாகத் தோன்றுகிறது. அதன் சுமை கடைசியில் நெசவுக் கூலியின் மேல் இறங்குகிறது.

இதைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியது ஒரு மாணவியால். நெசவாளர் வீட்டுப் பெண். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். ஏதோ ஒரு கடையின் விளம்பரக் காணொலி. குழித்தறி, நாடா, அதை எறியும் ஒரு கை, முகம் இல்லை. “அம்மா, இது எங்கப்பா கை. விரல்ல தழும்பு இருக்கு பாருங்க” என்றார். அதை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பார்த்திருந்தனர். “அப்பாகிட்ட சொன்னியா?” என்றேன். “காட்டினேன்மா. சிரிச்சாரு. ‘கூலி ஏத்தச் சொல்லிருக்கேன், அதுக்குப் பதில் வரலை, கை மட்டும் ஊரெல்லாம் போயிருக்கு’ன்னாரு.” வைகுந்தப் பெருமாள் கோயிலின் பெயரறியாச் சிற்பிகள் அன்று என் நினைவுக்கு வந்தனர்.

செய்தியும் ஊரும்

முன்பு நம் ஊர்ச் செய்தி நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நான்கு வரியாகச் சுருங்கும். இன்று கைப்பேசியும் ஒலிவாங்கியும் உடைய இளைஞர் ஏரிக்கரைக்கும் மாநகராட்சி வாயிலுக்கும் நேரே செல்கின்றனர். 2022இல் பரந்தூரில் விமான நிலையம் அமையவிருப்பதாக அறிவிக்கப்பட்ட பின், ஏகனாபுரம் முதலிய சிற்றூர் மக்களின் போராட்டமும் கிராமசபைத் தீர்மானங்களும் அவர்கள் வாய்மொழியாகவே காணொலிகளில் வெளிவந்தன. நிலத்தை இழக்கவிருக்கும் மூதாட்டி தம் சொற்களில், தம் வட்டார வழக்கில், இடைமறிப்பாரின்றிப் பேசுவதை மக்கள் கேட்டனர். அச்சகம் இல்லாதவருக்கும் ஓர் ஏடு கிடைத்தாற்போன்றது இது.

ஆசிரியர் என்பவர் இல்லாத ஏடு என்பதே இதன் குறையும் ஆகும். உள்ளே ஒன்றிருக்க முகப்பில் வேறொன்று எழுதிக் கண்ணை இழுப்பதும், ஆராயாத வதந்தி மாலைக்குள் ஊரைச் சுற்றுவதும் நாம் நாள்தோறும் காண்பவை. பிழை திருத்தும் கண் ஒன்று இதழகங்களில் இருந்தது. அக்கண்ணின் அருமை அது இல்லாத இடத்தில்தான் புலப்படுகிறது.

விடியும் வரை கூத்து

தொண்டை மண்டலத்தில் திரௌபதை அம்மன் விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. நிறைவில் படுகளமும் தீமிதியும். காஞ்சியில் 1990இல் கூத்துக் கலைஞர் ஒன்றுகூடிக் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தனர். அதன் சார்பில் புஞ்சரசந்தாங்கலில் நடைபெற்ற குருகுலம், பெண் பிள்ளைகளுக்கும் இக்கலையைப் பயிற்றுவித்து 2020இல் நிறைவுற்றது. இன்று ஊர்தோறும் ஆடப்படும் கூத்தினை இளைஞர் இரவு முழுதும் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுகின்றனர். வேற்றூரில் வேலை செய்பவர் தம் ஊர் அருச்சுனன் தபசை அங்கிருந்தே காண்கிறார். இளங்கூத்தர் மூத்தோரின் அடவையும் பாட்டையும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயில்கிறார். நூலாசிரியர்கள் ஏட்டில் ஏற்றாத ஒரு கலைக்கு இது பெரும்பேறு.

அதே கைப்பேசியில் ஒரு நிமிடத் துண்டுக் காட்சிகளும் ஓடுகின்றன. 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. செப்டம்பரிலேயே யூடியூப் தன் குறுங்காணொலிச் சேவையை இந்தியாவில் தொடங்கிவிட்டது. விடியும் வரை விரியும் கதையும் விரல் தள்ளுமுன் முடியும் வேடிக்கையும் ஒரே சட்டகத்தில் போட்டியிடுகின்றன. கட்டியக்காரன் பேச்சில் ஒரு சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்தால் பலர் காண்பர். அச்சிரிப்பிற்குப் பின் வரும் அழுகையே கூத்து என்பதை அவர் அறியார்.

புதிய காவலர்

பழைய வாயில்கள் திறந்தன என்று மகிழும் நாம், புதிய வாயில் ஒன்றையும் காணல் வேண்டும். எந்தக் காணொலி யார் கண்ணில் படவேண்டும் என்பதை இன்று ஒரு கணிப்பொறிக் கணக்கு முடிவு செய்கிறது. விளம்பர வருவாயில் பங்குபெற ஆயிரம் உறுப்பினரும், ஓராண்டில் நான்காயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும் என 2018இல் யூடியூப் விதித்தது. நெடுங்காணொலியின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்போர்க்கு. 45 விழுக்காடு தளத்திற்கு.

வென்றோரும் உளர். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைத்துக் காட்டிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2018இல் தொடங்கி, 2021இல் ஒரு கோடி உறுப்பினரை அடைந்தது. தமிழில் முதலில் அவ்வெண்ணைத் தொட்டது அதுவே. அவ்வாண்டு முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு அவர்கள் பத்து இலட்சம் ரூபாய் அளித்தனர். அவர்தம் வெற்றியின் மறைபொருள் எளிது: சமைத்த கையும் முகமும் பெயரும் வருவாயும் ஓரிடத்தில் இருந்தன. காஞ்சியின் தறியில் இந்நான்கும் பிரிந்து கிடக்கின்றன. கை ஒருவருடையது, பெயர் கடையினுடையது, வருவாயின் பெரும்பகுதி வேறிடத்தது.

முடிவுரை

வரலாறு காட்டுவது யாது? கல்லில் அரசன் பேசினான். தாளில் இதழாசிரியர் பேசினார். அலைவரிசையில் நிலையத்தார் பேசினர். காணொலியில் எவரும் பேசலாம். ஆனால் எவரும் பேசலாம் என்பதனாலேயே உழைத்தவர் பெயர் தானாக வந்துவிடவில்லை. அதை நாமே எழுத வேண்டும். சிற்பத்தின் கீழே பல்லவர் பொறித்தாற்போல, ஒவ்வொரு காணொலியின் கீழேயும் எழுத இடம் உள்ளது. அவ்விடம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது.

கவிஞர் நிறைந்த நம் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் கவியரங்குகளைப் பதிவு செய்து ஏற்றுகிறோம், நன்று. பதினொன்றாம் ஆண்டில், பிள்ளையார்பாளையத்து மூத்த நெசவாளர், கூத்தர் ஆகியோரிடம் சென்று, அவர்தம் இசைவு பெற்று, தறிச்சொற்களையும் கூத்துப் பாட்டுகளையும் அவர் வாய்மொழியாகவே பதிவு செய்வோம். ஒவ்வொன்றின் கீழும் அவர் பெயரையும் தெருவையும் அவர் விரும்பியவாறு எழுதுவோம்.

என் மாணவியிடம் இக்கருத்தைக் கூறினேன். மறுநாளே தம் தந்தை தறியில் இருப்பதைத் தாமே பதிவு செய்து கொணர்ந்தார். இரண்டு நிமிடம். நாடாவின் ஓசையும், இடையில் தாயார் காப்பி கொண்டு வைக்கும் ஓசையும் உண்டு. கீழே தந்தையின் முழுப்பெயரை எழுதியிருந்தார். அதுவரை நாற்பத்தொரு பேர்தாம் பார்த்திருந்தனர். நாற்பத்திரண்டாவதாக நான் பார்த்தேன்.